நாற்பதுக்குப் பதினொன்று

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போன அன்றே தினகரனை இந்த வினை பிடித்துக்கொண்டது. மணமகள் அனுப்பிரியாவின் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி., பி.எட்., எம்.ஃபில். என்று நீளமாக ஓடியது. மணமகன் தினகரனின் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று இரண்டே எழுத்து. அந்த இரண்டெழுத்தை வாங்க அவன் எத்தனை அரியர் எழுதினான் என்பது கோவிலம்பாக்கத்தில் பல பேருக்குத் தெரியும். பெண் வீட்டுப் பெரியப்பா ஒருவர் பத்திரிகையைக் கைநீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு, "மாப்ள மேல படிக்கலையோ?" என்று கேட்டார். கேட்டவர் காபியைக் குடித்துவிட்டு மறந்தும் போனார். தினகரன்தான் மூன்று வருஷமாக மறக்கவில்லை.

அவனுடைய அப்பா துளசிங்கம், ஒரு காலத்தில் நெல் விளைந்த தன் நிலத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்து, ஆறு லாரிகளில் மேடவாக்கம் பக்கத்து அபார்ட்மெண்ட்டுகளுக்கு விற்றுவந்தார். மோட்டார் போடுவது அப்பா. போன் எடுப்பதும், எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வதும், தாமதமானால் திட்டு வாங்குவதும் மகன். திட்டு வாங்கும் வேலைக்கு லீவு கிடையாது. அதனால் இரண்டு வருஷம் காலேஜில் போய் உட்காருவது நடக்கிற காரியமில்லை. அப்படியே போகலாம் என்றாலும், எம்.எஸ். படிப்புக்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டுத் துளசிங்கம், "அதுக்கு இன்னொரு லாரி வாங்கிடலாமேடா. அதுன்னா ஓடும்" என்றார்.

கடைசியில் அனுப்பிரியாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்டாஃப் ரூமில் யாரோ சொன்னதாம். ஒரு பெரிய பல்கலைக்கழகம் சப்ளை செயின் படிப்பை ஐந்து துண்டாக வெட்டி ஆன்லைனில் வைத்திருந்தது. ஒரு பொருள் கிளம்பிய இடத்திலிருந்து சேர வேண்டிய இடத்துக்கு எப்படி நேரத்துக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் படிப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சர்டிபிகேட். கையில் காசு இருக்கும்போது ஒரு துண்டு, இல்லாதபோது சும்மா இருக்கலாம். ஐந்தும் முடித்துப் பொதுத் தேர்வில் தேறினால், அதை எம்.எஸ்ஸில் பாதியாக எடுத்துக்கொள்வார்கள். மீதிப் பாதிக்கு மட்டும் சனி ஞாயிறுகளில் வகுப்புக்குப் போனால் போதும். செலவும் நேராகச் சேருவதில் மூன்றில் ஒரு பங்குதான்.

"அப்ப அஞ்சு சர்டிபிகேட் வாங்கினா நீங்க அரை எம்.எஸ்.ஸா?" என்றாள் அனுப்பிரியா.

"அரைன்னு சொல்லாத அனு. கேக்க நல்லா இல்ல."

"சரி, முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி."

முதல் சர்டிபிகேட் வந்ததும் துளசிங்கம் அதை லேமினேட் செய்து ஆபீஸில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். டிரைவர் சிவகுமார் அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான்.

"இன்னா தம்பி இது? லாரிக்குத்தான் எஃப்.சி. காட்டணும். உனுக்குமா?"

"படிச்சு வாங்கினது சிவகுமாரண்ணா."

"அப்போ ரோட்ல ஓட்லாம்னு சொல்லிட்டாங்க."

இரண்டாவது சர்டிபிகேட்டும் வந்தது. பக்கத்தில் ஆணி அடித்தார்கள். மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டான்.

மூன்றாவது துண்டின் முடிவில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதன் விநியோகம் எப்படி நடக்கிறது என்று அலசுங்கள் என்பது கேள்வி. தினகரன் பேர் சொல்லாமல் தன் சொந்தத் தொழிலையே எழுதினான். புறநகர்ப் பகுதியில் இயங்கும் ஒரு தண்ணீர் நிறுவனம் என்று ஆரம்பித்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து லாரிகள் குறித்த நேரத்தில் கிளம்பிவிடுகின்றன என்று படம் போட்டுக் காட்டி, இதைவிடச் சிறப்பாக நடத்த முடியுமா என்பது ஆராய்ச்சிக்குரியது என்று முடித்திருந்தான். படித்துப் பார்த்தபோது அவனுக்கே கண் கலங்கியது.

அந்தப் படிப்பில் கட்டுரைகளை வாத்தியார் திருத்துவதில்லை. ஊர் ஊராகக் குழு பிரித்து, கூடப் படிக்கிறவர்களே ஒருவருக்கொருவர் திருத்த வேண்டும். யார் எழுதியது, யார் திருத்தியது என்று இரண்டு பக்கமும் தெரியாது. சென்னைக் குழுவிலிருந்து மூன்று பேர் தினகரனின் கட்டுரையைத் திருத்தினார்கள். இரண்டு பேர் 'அருமை' என்று ஒரே வார்த்தையில் நாற்பதுக்கு நாற்பது போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் படித்தே பார்க்கவில்லை என்பது அவன் சந்தோஷத்தைக் குறைக்கவில்லை. மூன்றாவது ஆள் படித்திருந்தார். பதினொன்று போட்டிருந்தார்.

கூடவே ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கம். அதை அனுப்பிரியா வாங்கி, வகுப்பில் விடைத்தாள் கொடுக்கிற குரலில், தமிழில் மாற்றி வாசித்தாள்.

"'கட்டுரையாளர் லாரி கிளம்பும் நேரத்தை அளந்திருக்கிறார். காத்திருப்பவருக்கு லாரி கிளம்பியதால் ஒரு பயனும் இல்லை, வந்தால்தான் பயன்.' நல்லாத்தான் எழுதியிருக்காங்க."

"மேல படி."

"'பக்கத்தில் வந்துவிட்டோம் என்பது ஒரு நேர அளவு அல்ல. கட்டுரையாளர் வாழ்நாளில் ஒரு தடவைகூட தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தவர் இல்லை என்று நினைக்கிறேன்.'" அனுப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். "'என் குடியிருப்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் டிரைவர், தாமதத்துக்குக் காரணம் கேட்டால், கோவப்படாதீங்க அத்தை, தண்ணி சூடாயிடும் என்கிறார். இதை எந்த வரைபடத்தில் சேர்ப்பது?'"

தினகரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாடிக்கையாளர்களில் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாப் பெண்களையும் அத்தை என்று கூப்பிடுகிற டிரைவர் இந்த வட்டாரத்தில் சிவகுமார் ஒருவன்தான்.

"அனு, இது நம்ம கஸ்டமர்."

"அப்ப பதினொண்ணு கொஞ்சம் தாராளம்தான்" என்றாள் அவள்.

சராசரி போட்டதில் மூன்றாவது சர்டிபிகேட் எப்படியோ வந்துவிட்டது. ஆனால் தினகரன் அதை மாட்டவிடவில்லை. அந்தப் பதினொன்று போட்ட ஆள் யார் என்று தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து, போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சிவகுமாரின் லாரியில் ஏறிக்கொண்டான்.

"இன்னா தம்பி, கிளீனர் வேலைக்கு வந்துட்டியா? படிச்ச படிப்பு வேலைக்கு ஆவலியா?"

"சும்மா, கஸ்டமருங்களப் பாக்கலாம்னு."

"பாக்காத. பேஜாராயிடும்."

சிவகுமார் சொன்னது சரியாகப் போயிற்று. அவர்களுடைய நிலத்துக் கேட்டைத் தாண்டி ரேடியல் ரோட்டுக்கு வருவதற்குள்ளேயே அரை மணி நேரம் போனது. மேடவாக்கம் கூட்டு ரோட்டில் நின்ற நேரத்தில் தினகரன் ஒரு தூக்கம் போட்டு எழுந்தான். போன் அடித்தது. சிவகுமார் எடுத்து, "இதோ, பக்கத்துல வந்துட்டோம் அத்தை" என்றான். அவர்கள் அப்போது ஒரு மாட்டுக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

போன இடத்திலெல்லாம் தினகரன் துப்பு விசாரித்தான். நேராகக் கேட்க முடியாதே. "சார், இப்ப ஏதாச்சும் படிக்கிறீங்களா?" என்று ஒரு பில்டிங்கில் கேட்டான். அந்த வீட்டுக்காரர் வேதசிரோமணி, ரிட்டையர்டு ஆசாமி. "எனக்குப் பாலிசி எதுவும் வேணாம் தம்பி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இன்னொரு வீட்டில் ஒரு பெண், டியூஷன் எடுக்க வந்திருக்கிறான் என்று நினைத்து, தன் பையனையே இழுத்து வந்து முன்னால் நிறுத்திவிட்டாள். அந்தப் பையனுக்குப் பின்னம் கூட்டல் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் அவனால் வெளியே வர முடிந்தது. அந்த வாரம் முழுக்க அவன் தெரிந்துகொண்டதெல்லாம், தன் லாரிக்காக இத்தனை பேர் பக்கெட்டோடு பால்கனியில் நிற்கிறார்கள் என்பதுதான்.

சனிக்கிழமை மேடவாக்கத்தில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் குழாயைத் தரைக்கடியில் இருந்த சம்புத் தொட்டியில் போட்டுவிட்டு நின்றான். தரைத்தளத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மிக்ஸி ஓடி நின்றது. நின்றதும் ஒரு ஆண் குரல் கேட்டது. மூக்கால் பேசுகிற, வாக்கியத்துக்கு ஒரு தடவை தொண்டையைச் செருமுகிற குரல். அந்தக் குரலை அவன் ஒரு வருஷமாகத் தினமும் கேட்கிறான். ஐந்து துண்டுக்கும் பாடம் நடத்துகிற புரொஃபசர் அவர். வழக்கத்தைவிட வேகமாகப் பேசினார். யாரோ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருந்தார்கள்.

தினகரன் ஜன்னலருகே போனான். ஐம்பதை ஒட்டிய ஒரு அம்மாள், செல்போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, தேங்காய்ச் சட்னியை வழித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்து அசோசியேஷன் செக்ரட்டரி அபிதகுஜாம்பாள். போனில் அவனை அதிகம் திட்டியவர்களில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவர். வாசற்பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அவருடைய கணவர் ஸ்ரீநிவாசன்.

"மேடம், நாலாவது சர்டிபிகேட் பாடமா?"

அபிதகுஜாம்பாள் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு நீங்க?"

"தண்ணி லாரி தினகரன், மேடம். கோவிலம்பாக்கம் துளசிங்கம் பையன். நானும் அந்தக் கோர்ஸ்தான் படிக்கிறேன்." ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய், பள்ளிக்கூடப் பையன் புகார் சொல்கிற மாதிரிதான் குரல் வந்தது. "நீங்க எனக்குப் பதினொண்ணு போட்டீங்க."

அந்த அம்மாள் கரண்டியை வைத்தார். அவனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் சங்கடமும் சிரிப்பும் மாறி மாறி வந்து, கடைசியில் சிரிப்பு ஜெயித்தது.

"அது நீங்களா! ஐயோ, ரெண்டு மார்க் கூடப் போட்டுட்டோமோன்னு அன்னிக்கு ராத்திரியெல்லாம் எனக்கு உறுத்தல்."

"மேடம், மத்த ரெண்டு பேரு நாற்பது போட்டாங்க."

"அவங்க வீட்டுக்கு நீங்க தண்ணி விடறதில்ல போல" என்று ஸ்ரீநிவாசன் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

அன்று சம்பு நிறைந்து வழிகிற வரை இருவரும் பேசினார்கள். அபிதகுஜாம்பாள் மீனம்பாக்கத்தில் ஒரு ஏற்றுமதிச் சரக்குக் கம்பெனியில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறார். அவர் வேலை கற்றுக்கொடுத்த இரண்டு பேர் இப்போது அவருக்கு மேலதிகாரிகள். ஒவ்வொரு தடவை பதவி உயர்வு வரும்போதும் பி.ஜி. இல்லையே என்று கைவிரித்துவிடுவார்கள். பையன் பிரணவ் இன்ஜினியரிங் ஹாஸ்டலில் இருக்கிறான். ஒரே வீட்டில் இரண்டு முழு ஃபீஸ் கட்ட முடியாது. அதனால் துண்டு துண்டாகப் படிக்கிறார்.

"பையனுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும். அவனுக்கு அரியர் விழுந்தா நான் எடுத்த மார்க்க அனுப்பி வைப்பேன். அதுலேர்ந்து போனே பண்றதில்ல."

பேச்சு இப்படியே ஒரு ஏற்பாடாக முடிந்தது. அந்த அம்மாளுக்குக் கணக்கு வராது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றாலே தலைவலி. தினகரனுக்கு எழுத வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்பிரியாவையும் கூட்டிக்கொண்டு மேடவாக்கம் போனான். அனுப்பிரியா கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அபிதகுஜாம்பாள் தினகரனின் கட்டுரைகளைச் சிவப்புப் பேனாவால் கிழித்தார். ஸ்ரீநிவாசன் எல்லாருக்கும் காபி போட்டுவிட்டு, "எனக்கு ஏதாவது சர்டிபிகேட் உண்டா?" என்று வாரா வாரம் கேட்டார்.

தொழிலிலும் தினகரன் கை வைத்தான். லாரி கிளம்பும் நேரத்தை விட்டுவிட்டு, குழாய் சம்பில் இறங்கும் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தான். அப்படிப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பத்தொன்றுதான் தேறியது. காலை ஏழு மணிக்கு மேல் கூட்டு ரோட்டைத் தாண்டுகிற நடைகளை முன்னால் தள்ளினான். போனில் உண்மையான நேரத்தைச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டான். துளசிங்கம் கொதித்துப்போனார்.

"நெஜத்தச் சொன்னா வேற லாரியக் கூப்ட்டுக்குவாங்கடா! ஒரு மணி நேரம் ஆவும்னு எவன்டா வாயால சொல்வான்?"

அவர் சொன்னதுபோலவே இரண்டு பில்டிங்குகள் வேறு லாரிக்குப் போய்விட்டன. ஒன்று பிறகு திரும்பி வந்தது. இன்னொன்று வரவே இல்லை. வேதசிரோமணி மட்டும் போன் செய்து, "தம்பி, இன்னிக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருச்சு. ஏதாவது தப்பு நடந்து போச்சா?" என்று விசாரித்தார்.

ஐந்து சர்டிபிகேட்டும் இருவருக்கும் வந்து, பொதுத் தேர்வும் ஒரே நாளில் அமைந்தது. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கம்ப்யூட்டரின் கேமரா வழியாக ஒரு கண்காணிப்பாளர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, குரல் கேட்கக் கூடாது, கண்ணை இங்கே அங்கே ஓட்டக் கூடாது. அனுப்பிரியா வீட்டில் எல்லாருக்கும் இதை இரண்டு தடவை சொன்னாள். மாமனாருக்கு மூன்று தடவை. அவளுக்கு அன்று பள்ளியில் வேலை இருந்தது.

துளசிங்கம் புரிந்துகொண்டது ஒன்றே ஒன்று: சத்தம் போடக் கூடாது. பையன் காலையில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டான் என்பது அவர் மனதை அரித்தது. தேர்வு பாதி நடக்கும்போது பாதாம் பால் ஆற்றி, செருப்பைக் கழற்றி, தாழ்ப்பாள் இல்லாத கதவைச் சத்தமில்லாமல் திறந்து, நுனிக்காலில் நடந்து வந்து, டம்ளரை மேஜை மேல் வைத்தார். அதோடு போயிருந்தாலாவது தப்பித்திருக்கலாம். பாசம் மேலிட்டு மகன் தலையையும் ஒரு தடவை தடவிக் கொடுத்தார்.

கம்ப்யூட்டர் பேசியது. "எக்ஸ்கியூஸ் மீ சார், ஹூ இஸ் திஸ் பெர்சன்?"

துளசிங்கத்துக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். "இன்னாது? நான் யாரா?"

"அப்பா, வெளிய போங்க" என்று தினகரன் உதடு அசையாமல் சொன்னான்.

"இருடா. என் வூட்ல குந்திகினு என்னையே யாருன்னு கேக்கறான். யோவ், நான் அவன் அப்பன்யா! நீ யாரு? மூஞ்சியக் காட்டு மொதல்ல!"

மூஞ்சி தெரியவில்லை. திரை மட்டும் வெள்ளையாகி, உங்கள் தேர்வு ரத்து செய்யப்பட்டது என்ற வரி வந்தது. தினகரன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவைத் திட்ட வாயைத் திறந்தான். அவர் தோளில் துண்டோடு, கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் ஆள் இருக்கிறானா என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தார். திட்ட வரவில்லை. பாலை எடுத்துக் குடித்தான்.

விஷயம் புரிந்த பிறகு துளசிங்கம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. சிவகுமாரிடம் மட்டும், "புள்ள எழுதறத நானே கெடுத்துட்டேன்டா" என்று சொன்னாராம். நாலைந்து நாள் கழித்து, சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே, "திரும்பி எப்போ எழுதலாம்?" என்று கேட்டார்.

"ஆறு மாசம் கழிச்சு. மறுபடி ஃபீஸ் கட்டணும்."

"கட்டு" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.

அபிதகுஜாம்பாள் தேறிவிட்டார். கணக்குப் பகுதியில்தான் நிறைய மார்க். அதைத் தினகரனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், லாரி கேட்டு போன் செய்கிற சாக்கில் இரண்டு தடவை பேசி, இரண்டு தடவையும் லாரியை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சம்பு தாங்காமல் வழிந்தது. கடைசியில் ஸ்ரீநிவாசன்தான் அனுப்பிரியாவுக்குச் சொன்னார். தினகரன் அன்று மாலையே மேடவாக்கம் போனான்.

"மேடம், சீனியர் ஆயிட்டீங்க."

"உனக்கு முன்னாடி நான் போறது கஷ்டமா இருக்குப்பா" என்றார் அவர். அதுவரை நீங்க என்று பேசியவர் முதல் தடவையாக நீ என்றார்.

"பரவால்ல மேடம். நீங்க முதல்ல போய் எந்த சப்ஜெக்ட் கஷ்டம்னு பாத்து வைங்க."

அவர் எம்.எஸ். வகுப்பில் சேர்ந்தார். சேர்ந்த கடிதத்தை ஆபீஸில் காட்டியதும், பட்டம் வரும் வரை பொறுக்காமல், ஒரு புது டீமை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். இருபது வருஷமாகக் காட்டிய வேலைக்குக் கிடைக்காதது ஒரு கடிதத்துக்குக் கிடைத்ததில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

தினகரனின் இரண்டாவது தேர்வன்று துளசிங்கம் மோட்டார் பக்கம் போகவில்லை. ஹாலில் நாற்காலி போட்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். கோயில் நன்கொடை கேட்டு வந்தவர்களைச் சைகையாலேயே திருப்பி அனுப்பினார். காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கியைத் தெருமுனை வரை போய் நிறுத்தச் சொன்னார். பள்ளிக்கு லீவு போட்டு வீட்டிலிருந்த அனுப்பிரியா, தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தபோது, அவளைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். தினகரன் தேறினான். அமோகமாக இல்லை, தேறினான்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை முதல் வகுப்பு. வகுப்பில் பாதிப் பேருக்கு அவனைவிட வயது கம்மி. சீனியர்கள் புதியவர்களை வரவேற்க வந்திருந்தார்கள். அபிதகுஜாம்பாள் அவனை எழுப்பி நிறுத்தி, "இவர் தினகரன். சொந்தத்துல டிரான்ஸ்போர்ட் நடத்தறார்" என்று அறிமுகம் செய்தார். தண்ணீர் லாரி என்று சொல்லாமல் விட்டதை அவன் கவனித்தான்.

"தண்ணி லாரிங்க" என்றான் அவன். "மேடவாக்கத்துல யாராச்சும் இருக்கீங்களா?"

மூன்று கைகள் உயர்ந்தன. அதில் ஒரு கை உடனே, "நேத்து ஏன் சார் வரல?" என்று கேட்டது. தினகரன் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தான். போர்டில் கூட்டு ரோட்டை வரைந்தான், சம்பை வரைந்தான், மாட்டையும் வரைந்தான். புரொஃபசர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்து, பிறகு தானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தபோது தினகரன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அபிதகுஜாம்பாள்தான் டிபன் பாக்ஸைத் தூக்கிக் காட்டி, போதும் வா என்று கூப்பிட்டார்.